கோல்கீப்பர் கையுறை

கம்பளிக் கடையின் ஷட்டர் பாதி ஏறுவதற்குள் குனிந்து உள்ளே வந்துவிட்டார் துப்புரவுப் பணியாளர்களின் மேஸ்திரியம்மா. கடைக்காரர் ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டார். ஒன்பதாவது நாளாக வருகிறார். கேட்பதும் ஒரே கேள்விதான்: கையுறை வந்துவிட்டதா?

அவருடைய குழுவில் அறுபது பெண்கள். விடியும் முன்பே உறைபனியில் தெருக்களைப் பெருக்குகிறவர்கள். துடைப்பக் கட்டை அந்நேரத்தில் ஐஸ் கட்டியைப் போல இருக்கும். விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்ததால் எல்லாரும் சேர்ந்து முன்பணம் கட்டியிருந்தார்கள். பின்னல் கையுறை, பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் ரப்பர் புள்ளிகள். குழந்தைகளுக்கான கையுறைகளையும் சேர்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார் கடைக்காரர். சரக்கு வந்து இரண்டு வாரமாகச் சுங்கக் கிடங்கில் கிடக்கிறது.

கிடப்பதற்குக் காரணம் மச்சான். கடைக்காரர் மனைவியின் தம்பி. இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துத் தரும் ஏஜென்ட். நேர்வழி என்று ஒன்று இருப்பதே அவருக்குச் சந்தேகம். கையுறை என்று எழுதினால் வரி எக்கச்சக்கம், விளையாட்டுச் சாமான் என்று எழுதினால் வரி தூசு மாதிரி என்றார். "கையெழுத்தை மட்டும் போடுங்க அத்தான், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." அத்தானும் போட்டார். உண்மையான வரி எவ்வளவு என்று இருவருமே விசாரிக்கவில்லை.

சுங்க அதிகாரியம்மா பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் வந்தது ஒரு குழந்தைக் கையுறை. பூனைக் காது வைத்தது; தொலைந்து போகாமலிருக்க இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது. இது எந்த விளையாட்டுக்கு என்று கேட்டார். கால்பந்து, கோல்கீப்பருக்கு என்றார் மச்சான். இரண்டு கையையும் கயிற்றில் கட்டிக்கொண்டு எப்படிப் பந்தைப் பிடிப்பது என்று அதிகாரி கேட்டதற்கு, பயிற்சி கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி என்று சொல்லிவைத்தார். அதிகாரி சிரிக்கவில்லை. சரக்கை நிறுத்திவைத்துவிட்டார்.

மேஸ்திரியம்மாவிடம் இதையா சொல்ல முடியும்? சுங்க ஆபீஸில் ஓர் அதிகாரியம்மா இழுத்தடிக்கிறார் என்றே எட்டு நாளும் சொல்லியிருந்தார் கடைக்காரர். மேஸ்திரியம்மாவும் நம்பியிருந்தார். இன்று கோபமாகவே வந்திருந்தார்.

"கிளம்புங்கண்ணே. வெளியில பத்து பேர் நிக்கறாங்க. உங்களைப் போல நல்ல மனுஷனை அலைய விடறாங்கன்னா, அந்த அம்மாகிட்ட நானே நாலு வார்த்தை கேக்கறேன்."

கடைக்காரர் கடையைச் சாத்த முடியாது என்றார், தலைவலி என்றார், ஆபீஸுக்கு இன்று விடுமுறை என்றும் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

அதிகாரியின் அறையில் மச்சான் ஏற்கெனவே இருந்தார். பெண்கள் கூட்டத்தைக் கண்டதும் சுவர்க் கடிகாரத்தை ஆராயத் தொடங்கினார். மேஸ்திரியம்மா மருந்துத் துணி சுற்றிய தன் விரல்களை மேசைமேல் வைத்து, ஏழைகளின் சாமானை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதிகாரி கோப்பைத் திருப்பிப் படித்துக் காட்டினார்: "விளையாட்டு வீரர்களுக்கான கையுறை."

மேஸ்திரியம்மா அந்த வார்த்தைகளைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

"நாங்க எப்பண்ணே விளையாடப் போனோம்?"

அவர் குரலில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் கடைக்காரரைக் குத்தியது. அந்த விரல்களைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

அதிகாரி கணக்குப் போட்டார். விளையாட்டுச் சாமான்களுக்கான சலுகை இரண்டு வருடம் முன்பே ரத்தாகிவிட்டது. இப்போது பின்னல் கையுறைக்குத்தான் வரி குறைவு. உள்ளதை எழுதியிருந்தால் மறுநாளே சரக்கு வெளியே வந்திருக்கும். இப்போது திருத்திய படிவமும் அபராதமும் வேண்டும். மச்சான் மெதுவாக, அடுத்த மாதம் வரும் காலுறைகளை மருத்துவப் பொருள் என்று எழுதலாமா என்று அத்தான் காதில் கிசுகிசுத்தார். அத்தான் படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கவுண்டரில் கேட்டுக் கேட்டுத் தாமே நிரப்பி, அபராதத்தையும் கட்டினார்.

மூன்றாம் நாள் சரக்கு வந்தது. கடைக்காரரே அதிகாலையில் தெருவுக்குப் போய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். மன்னிச்சுக்கங்க என்று முணுமுணுத்தபோது மேஸ்திரியம்மா கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருந்தார்.

"பொய் எழுதினது நீங்க, கை வெடிச்சது எங்களுக்கு," என்றார் அவர். "அரசாங்கத்தைத்தானே ஏமாத்தறோம்னு எல்லாரும் நினைக்கறாங்கண்ணே. அரசாங்கத்துக்குக் குளிராது. அது எங்களை மாதிரி யாரோ ஒருத்தர் தலையிலதான் வந்து விடியுது."