நின்றபடியே ஓடிய வண்டி

என் கணவரிடம் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார், அதுவும் புள்ளி வைத்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே போய் டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து, வண்டியில் இருக்கும் தூரக் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு வீட்டுக்கு வருவார். காலைச் சாப்பாட்டு நேரத்தில் தேர்வு முடிவு மாதிரி அறிவிப்பு வரும். அவருடைய தங்கை பிள்ளைகள் அவரை ‘லிட்டர் மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

கஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் கேட்டதை விலை பார்க்காமல் வாங்கிக் கொடுக்கிற மனிதர். ஆனால் பெட்ரோல் வீணாவதை மட்டும் அவரால் பார்க்க முடியாது. வாசலில் யாருடைய வண்டியாவது சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தால், இவர் உள்ளே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரவே இல்லை.

“பன்னெண்டு” என்றார்.

“என்ன பன்னெண்டு?” என்றார் மாமியார்.

“பதினாறு குடுத்த வண்டிம்மா. பன்னெண்டுக்கு வந்துடுச்சு.”

அன்று முழுக்க வண்டியைச் சுற்றியே வந்தார். நான்கு டயரிலும் காற்று பார்த்தார். டிக்கியிலிருந்து குடை, பாய், பிள்ளைகளின் பழைய ஷூ எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். கடைசியாகத் தன் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். “என்னையும் எறக்கி விட்டுடுவியாடா?” என்று மாமியார் கேட்டதும்தான் உள்ளே வந்தார்.

அடுத்த அறிவிப்பிலும் பன்னிரண்டுதான். “கம்பெனியிலயே சர்வீஸ் விட்டுப் பார்ப்போம். அப்பவும் சரியாகலைன்னா வித்துடலாம். நான் ஆபீஸ் பஸ்லதான் போறேன். பசங்க ஸ்கூல் வேன்ல போகட்டும். எதுக்கு இந்த யானையைக் கட்டித் தீனி போடணும்?”

வண்டி ஏன் பன்னிரண்டு கொடுக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, காலை எட்டிலிருந்து இரண்டு வரை, துணி துவைக்கும் இயந்திரம் பழுதானவர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஒழுகுகிறது, சட்டை கிழிந்துவிட்டது, கதவு திறக்கவில்லை, நீயெல்லாம் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பக்கம் மாமியாரின் தொலைக்காட்சி. காதில் மாட்டியதைக் கழற்றினால் குக்கர். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டால்கூட வெளியே நின்று யாராவது சீப்பு எங்கே என்று கேட்பார்கள். நான்கு அறை வீட்டில் எனக்கென்று ஓர் அடி இடம் கிடையாது. யாரும் பிடுங்கிக்கொண்டதில்லை. நான் கேட்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பள்ளி மூன்றரைக்கு விடும். பத்து நிமிடத் தூரம். நான் இரண்டு நாற்பதுக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். நிறுத்த இடம் கிடைக்காது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். பள்ளியின் பின்பக்க மதிலை ஒட்டி ஒரு பெரிய மரம். அதன் அடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை இரண்டில் வைத்து, இருக்கையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வேன். எஞ்சினை அணைக்க மாட்டேன்.

வெயிலுக்காக மட்டும் இல்லை. எஞ்சின் ஓடும்போது இருக்கையில் ஒரு மெல்லிய அதிர்வு இருக்கும். அது முதுகில் ஏறித் தோள் வரை வரும். காலையிலிருந்து காதில் தேங்கிய குரல்கள் ஒவ்வொன்றாக அதில் கரைந்து போகும். முன்கண்ணாடி முழுக்க இலை நிழல். ஏசித் தண்ணீர் அடியில் சொட்டுகிற சத்தம். கண்ணை மூடினேனா திறந்திருந்தேனா என்று எனக்கே தெரியாது. மதில் மெதுவாக நகர ஆரம்பிக்கும்.

முதலில் மதில் போகும். பிறகு அதன் மேல் ஒட்டிய விளம்பரத் தாள்கள், சைக்கிள் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பின்னால் போகும். பிறகு ஊரே பின்னால் போய்விடும். எந்தப் பெயர்ப் பலகையும் இல்லாத சாலை. இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். சில நாள் சாலையின் மேல் முழங்கால் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் ஓடும். வண்டி அதில் சத்தமில்லாமல் போகும், அடியில் கூழாங்கற்கள் தெரியும். ஒருநாள் ஒரு பெரிய ஏரிக்கரையில் போய் நின்றேன். கரையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. யாருக்கும் இல்லாத நாற்காலி. நான் உட்காரக்கூட இல்லை. உட்காரலாம் என்பதே போதுமாக இருந்தது.

மூன்றரைக்குப் பள்ளி மணி அடிக்கும். ஏரி வற்றும், மதில் திரும்பி வந்து தன் இடத்தில் நிற்கும். பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு வந்து விழுவார்கள். அப்போது எனக்கு அவர்கள் மேல் அப்படி ஒரு ஆசை வரும். நெடுநாள் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தவள் போல இரண்டு பேரையும் கட்டிக்கொள்வேன். “அம்மா, காலைலதான பார்த்தோம்” என்பான் மூத்தவன்.

இதைக் கணவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். எப்படிச் சொல்வது? “வீட்லயே ஃபேனைப் போட்டு உக்காரலாமே” என்பார். அதற்கு ஒரே பதில், உங்கள் எல்லாரையும் விட்டு நாற்பது நிமிடம் தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான். சோறு போட்டுக் கொடுக்கிற கையால் அதை எப்படி எடுத்து வைப்பது?

அதனால் திருட்டு வேலையில் இறங்கினேன். சர்வீஸ் முடிந்து வந்த வாரமே வேறொரு பெட்ரோல் பங்குக்குப் போய் ஐந்து லிட்டர் போட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அவர் நிரப்பும் இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவில். அவர் வாய்வரை நிரப்பும்போது ஐந்து லிட்டர் குறைவாகத்தானே பிடிக்கும்? பதினைந்தை நெருங்கி அறிவிப்பு வந்தது. “பார்த்தியா, சர்வீஸ் பண்ணதும் தெளிஞ்சிடுச்சு” என்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். விற்கிற பேச்சு அடங்கியது. நான் மறுபடியும் மரத்தடிக்குப் போய்வந்தேன்.

நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரையாண்டு விடுமுறை வந்தது. பள்ளி இல்லை, மரத்தடியும் இல்லை. ஆனால் பழக்கதோஷத்தில் நான் போய் அந்த ஐந்து லிட்டரைப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலிலிருந்தே கத்தினார். “இருபத்தொண்ணு புள்ளி எட்டு!”

நடக்காத காரியம் என்று வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் பல வருடமாக இந்த ஒரு எண்ணுக்காகத் தவம் கிடந்தவர். காற்று அளவு, புது ஃபில்டர், காலியான டிக்கி, மென்மையாக மிதிக்கும் தன் கால் என்று காரணங்களை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். அலுவலகம் முழுக்கச் சொன்னார். தங்கைக்குச் சொன்னார். எல்லாருக்கும் மேலாகத் தன் அண்ணனுக்குச் சொன்னார்.

அண்ணன் மருந்து விற்பனைப் பிரதிநிதி. நாள் முழுக்க ஊர் ஊராக அலைகிறவர். சின்ன வயதிலிருந்தே இவரைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. இவருக்கோ அண்ணன் ஒருமுறையாவது தன்னை மெச்ச வேண்டும். அந்த அண்ணன், “உன் வண்டியை எனக்குக் குடுத்துடுடா, உன்னை மாதிரி யாரு வெச்சிருக்கா” என்றதும் இவர் உருகிவிட்டார்.

“அண்ணன் கேட்டு எப்படி இல்லைங்கிறது?” என்றார் என்னிடம். “அடுத்த வருஷம் வேற வாங்கிக்கலாம். அதுவரைக்கும் பசங்க வேன்ல போகட்டும்.”

குறைவாகக் கொடுத்ததால் போக இருந்த வண்டி, இப்போது அதிகமாகக் கொடுத்ததால் போகப் போகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். “தண்ணி வீணாகுது பாரு” என்றார் உள்ளேயிருந்து.

பள்ளி திறந்த வாரத்தில் ஒருநாள் மதியத்துக்கு மேல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தார். அப்படியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

மெக்கானிக்கை நாங்கள் ‘டாக்டர்’ என்போம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். இப்போது கையில் ஒரு சின்னத் திரையும் வைத்திருக்கிறார். அதன் ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டி தன் கதை முழுவதையும் சொல்லிவிடுமாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

“வண்டி நல்லாதான் சார் இருக்கு” என்றவர் திரையை நெற்றிக்குக் கிட்டே கொண்டுபோனார். “என்ன சார், டாக்ஸிக்கு விட்டிருந்தீங்களா?”

“ஏன்?”

“போன வருஷம் பார்த்ததுக்கு அப்புறம் நின்ன எடத்துலயே எழுபது மணி நேரம் ஓடியிருக்கு. ஏசி போட்டுக்கிட்டு. இந்த வண்டி எப்படி சார் இருபத்தொண்ணு குடுக்கும்?”

கணவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கை கழுவ வேண்டும் என்று எழுந்து போனார். நல்ல மனிதர்.

வண்டியில் ஏறியதும் நானே ஆரம்பித்தேன். மரத்தடி, நாற்பது நிமிடம், ஐந்து லிட்டர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எங்க நிறுத்துவே?” என்று மட்டும் கேட்டார். காட்டினேன். அந்த இடத்திலேயே நிறுத்தினார். கை சாவிக்குப் போனது, அப்படியே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இலை நிழல் அவர் சட்டை மேல் விழுந்தது.

“எழுபது மணி நேரம்” என்றார். “அறுபதுல போனா நாலாயிரத்து எரநூறு கிலோமீட்டர்.” அவர் வேறு எப்படித்தான் யோசிப்பார்? “அவ்வளவு தூரம் எங்க போயிட்டு வந்தே?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“ஒரு ஏரி” என்றேன். “பெரிய ஏரி. சுத்தி யாருமே இல்ல.”

“நானும் பசங்களும்?”

“இல்ல.”

பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை மாதம் சொன்னவளுக்கு இன்னொன்று பெரிய விஷயமா? ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பொய் வரவில்லை. அவர் ரொம்ப நேரம் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது நகர்ந்ததா என்று தெரியவில்லை. பிறகு போனை எடுத்தார்.

“அண்ணா, நான்தான். வண்டி விஷயம். இல்லண்ணா, குடுக்கலை. அதில்லண்ணா... இருபத்தொண்ணெல்லாம் குடுக்கலை. பன்னெண்டுதான் குடுக்குது.” ஸ்டியரிங்கை நகத்தால் சுரண்டினார். “நான்தான் தப்பா வகுத்துட்டேன்.”

அந்தப் பக்கச் சிரிப்பு எனக்கே கேட்டது. நிற்காத சிரிப்பு. இவர் காது மடல் சிவந்தது. “ஆமாண்ணா. சொல்லிக்கோ. எல்லாருக்கும் சொல்லிக்கோ” என்று போனை வைத்தார். என் பெயரை எடுக்கவே இல்லை. அண்ணன் இனி எந்தக் கல்யாணத்திலும் இதை விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“பசங்க வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“முப்பத்தஞ்சு நிமிஷம்.”

கதவைத் திறந்து இறங்கினார். “நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் பஸ்ல போய்க்கிறேன். வீட்ல அம்மாகிட்ட, நிறுத்த எடம் கிடைக்கலைன்னு சொல்லிடறேன்.”

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெயிலில் நடந்தார். நான் இருக்கை மாறி உட்கார்ந்து, அவர் முனை திரும்பும் வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நிழல் ஆடிக்கொண்டிருந்தது. அன்று நான் எங்கேயும் போகவில்லை. மணி அடிக்கும் வரை அழுதுகொண்டிருந்தேன்.