அரங்கத்தில் ஒரு குடும்ப விசேஷம்

எங்கள் ஊர் உள்விளையாட்டு அரங்கத்தில் கபடி நடக்கும், பாட்டுக் கச்சேரி நடக்கும், ஒருமுறை நாய்க் கண்காட்சிகூட நடந்தது. நடக்காத ஒரே விஷயம், நான் எழுதி மாட்டியிருக்கும் விதிமுறைகளை யாராவது படிப்பது. கீழே ‘பொறுப்பாளர் செவ்வந்தி’ என்று என் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அதையும் படிப்பதில்லை.

ஐப்பசி முதல் வாரம், மூன்று நாளாக மழை. பூதலூர் வைரக்கண்ணு என்பவர் ‘குடும்ப விசேஷம்’ என்று சொல்லி அரங்கத்தைப் பதிவு செய்திருந்தார். காலையில் சமையல்காரரும் மேளமும் வருவார்கள் என்று பார்த்தால், தார்ப்பாய் மூடிய டிராக்டர் வந்து நின்றது. உள்ளே நாற்பது மூட்டை நெல்.

“என்னங்க இது? விசேஷம்னு சொன்னீங்க?”

“இதாங்க விசேஷம். நெல்லுல ஈரம் பத்தொன்பது சதவீதம் இருக்கு. பதினேழுக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. எங்க ஊர்ல இன்னைக்கு அஞ்சு மணியோட கொள்முதலையே முடிக்கிறாங்க.”

“அதுக்கு? இது அரங்கமா, களமா?”

“ரோட்டுல காயப்போட மழை விடலையேங்க. உங்க ஃபேன் ஒவ்வொண்ணும் என்னா பெருசு! நெல்லுன்னு சொன்னா ஹாலைக் குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டேன். பொய் சொல்லி உள்ளே வந்த மனிதரை அங்கேயே வறுத்தெடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“நாத்து ரெண்டு தடவை அழுகி, மூணாந்தடவை நட்டதுங்க. மூட்டைக்குள்ளயே முளைச்சிடுச்சுன்னா இந்த வருசமே போச்சு,” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கபடி விரிப்புகளைச் சுருட்டி, தார்ப்பாய் விரித்து, நெல்லைப் பரப்பி, எல்லா ஃபேன்களையும் போட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தார். மதியத்துக்குள் கால் நொண்ட ஆரம்பித்துவிட்டது. ஈரம் பதினெட்டரைக்குக் கீழே இறங்கவில்லை.

இரண்டு மணிக்கு அறுபது பெண்கள் டீ-ஷர்ட்டோடு உள்ளே வந்தார்கள். ஜும்பா போட்டியாம். பயிற்சியாளர் ஆர்த்தி ரசீதை நீட்டினாள். அதே தேதி, என் கையெழுத்து! ஊரையே அதட்டுகிற நான் ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

“நாங்க எங்க மேடம் ஆடுறது?”

வைரக்கண்ணு கையை விரித்துக்கொண்டு நெல்லுக்கு முன்னால் வந்து நின்றார். நான் அவருடைய நொண்டும் காலைப் பார்த்தேன். பிறகு அந்த நூற்றிருபது கால்களைப் பார்த்தேன்.

“எல்லாரும் ஷூவைக் கழட்டுங்க! வெறுங்காலு. குதிக்கக் கூடாது. காலைத் தூக்காம இழுத்து இழுத்து ஆடணும்.”

“ஜும்பால அப்படி ஸ்டெப்பே கிடையாது மேடம்.”

“இனிமே உண்டு.”

பாட்டு அலறியது. முக்கால்வாசிப் பேர் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கிறவர்கள்தான். ஆனாலும் களத்தில் பழகியவர்கள் மாதிரி அந்தக் கால்கள் நெல்லில் வரிவரியாகக் கோடு இழுத்தன. வைரக்கண்ணு ஓரமாக ஓடி ஓடிக் கத்தினார்.

“மூலைக்கு யாரும் போகலையே! பச்சைச் சட்டை தங்கச்சி, அங்க போய் ஆடும்மா!”

அந்தப் பச்சைச் சட்டைக்குத்தான் நடுவர்கள் முதல் பரிசு கொடுத்தார்கள்.

நான்கு மணிக்கு அவர் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல்லுக்கே உரிய ‘டக்’ சத்தம் கேட்டது. அறுபது பேரும் கைதட்டினார்கள். மூட்டை பிடித்து டிராக்டரில் ஏற்றியதும் அவர்கள்தான்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

“பதினேழுங்க. எடுத்துக்கிட்டாங்க...” வைரக்கண்ணுதான்.

“சரி சரி, இங்க ஹால் முழுக்கத் தூசி. யாரு கூட்டுறதாம்?” என்று கத்தி வைத்தேன். கத்தாவிட்டால் அழுதிருப்பேன்.

மறுநாள் காலையிலும் மழை. போன் அடித்தது.

“வணக்கங்க, ஒரத்தநாட்டுலேருந்து செல்லத்துரை பேசுறேன். நாளைக்கு நம்ம வீட்ல ஒரு விசேஷம். ஹால் கிடைக்குமா?”

பதிவேட்டைத் திறந்து, தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

“கிடைக்கும். எத்தனை மூட்டை?”