தாமஸ் பிடித்தது

எண்ணூர் கடலில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்த என்னை, முகத்துவாரக்குப்பத்து மீனவர் தாமஸ் அண்ணன் தோளைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

"வூட்ல இன்னாம்மா சண்டை?"

"சண்டை இல்லண்ணே, போட்டி. நீந்திட்டு, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிட்டு, அப்பறம் இருவத்தொண்ணு ஓடணும்." அவர் நம்புவதற்காகக் கையில் எழுதியிருந்த போட்டி எண்ணைக் காட்டினேன்.

"பாடிய அடையாளம் காட்ட நம்பர் வேற எழுதிக்கினு வந்துகீறியா?"

படகில் கரைக்குப் போனால் என் ஆறு மாதப் பயிற்சி பாழ். எடுத்த இடத்திலேயே என்னை விடச் சொல்லிக் கத்தினேன். காது வலித்ததோ என்னவோ, மனமில்லாமல் இறக்கிவிட்டார்.

அதோடு முடிந்ததா? மணலியில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் பஞ்சர். விம்கோ நகரில் ஓடும்போது கால் பிடித்துக்கொண்டது. மிச்சத்தை நொண்டியே கடந்தேன்.

கடைசி ஆளாக முடிவுக்கோட்டைத் தாண்டியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கைதட்ட ஒரே ஓர் ஆள்தான் நின்றிருந்தார், தாமஸ் அண்ணன். பந்தல்காரரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

"முப்பது வருசமா இன்னா இன்னாவோ புடிச்சி, வாணாம்னு திருப்பிக் கடல்ல வுட்டுகீறேன். தானா கரைக்கு வந்து சேந்தது இது ஒண்ணுதான்."