இரும்புப் பாலத்தைப் பற்றி நான் எழுதிய வரி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. அது சம்பளத்துக்கு. ஆசைக்கு ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஐந்து வருடமாகத் திருத்துகிறேன். அங்கே என் பெயர் 'எறும்பு'. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம். நெடுநாளாகத் திருத்துகிறவர், 'நான் தேறியிருக்கிறேனா, எங்கே சறுக்குகிறேன்?' என்று கேட்டுத் தனக்கென ஒரு பக்கம் திறந்துவைக்கலாம். மற்றவர்கள் வந்து மனதில் பட்டதை எழுதுவார்கள். அடுத்த மாதம் நிர்வாகிப் பொறுப்புக்கு நிற்க எனக்கு ஆசை. அதனால் நானும் திறந்தேன். 'என் குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்' என்று பணிவாகத்தான் எழுதினேன். உள்ளுக்குள் புகழ்ச்சியை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

முதலில் வந்த மூன்று பேரும் என்னை ஏமாற்றவில்லை. 'சான்று இல்லாத வரியை எறும்பு விட்டுவைக்காது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். நாலாவதாக வந்தவர் 'தூசுதட்டி'. அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

'நிறைய வளர்ந்திருக்கிறீர்கள்,' என்று தொடங்கியிருந்தார். 'உங்கள் ஆரம்ப காலத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றே ஒன்று கேட்கலாமா? இரும்புப் பாலக் கட்டுரையில் சைக்கிள் தடம் பற்றிய வரியை நீங்கள் சேர்த்த தேதியையும், அதற்கு நீங்களே கொடுத்த செய்தித்தாள் சான்றின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.'

அந்தப் பாலம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. தண்டவாளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஏறி இறங்குகிற நடைபாலம். அதன் படிகளின் ஓரமாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏற வசதியாக, ஒரு இரும்புத் தடம் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. 'இந்தத் தடத்தை யோசித்துச் சொன்னவர், பாலம் கட்டியபோது வேலை பார்த்த வெல்டர் இன்னார்' என்று எழுதியிருந்தேன். அந்த இன்னார் என் மாமனார். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக் கூடாது என்ற விதி அப்போது எனக்குத் தெரியாது. சான்று வேண்டும் என்பது அரைகுறையாகத் தெரியும். சில மாதம் கழித்து ஒரு செய்தித்தாளின் இணைப்பிதழில் அதே சேதி வந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகக் குதித்து அதையே சான்றாகக் கொடுத்தேன்.

இப்போது தேதிகளைப் பார்த்தேன். நான் எழுதியது மார்ச்சில். செய்தித்தாள் வந்தது ஆகஸ்டில். அப்படியானால் அவர்களுக்கு அந்தச் சேதி எங்கிருந்து கிடைத்தது?

தூசுதட்டி மேல் முதலில் கோபம்தான் வந்தது. வேலை வெட்டி இல்லாத ஜென்மம் என்று வாய்விட்டே திட்டினேன். ஆனால் சந்தேகம் ஒன்று தலைக்குள் புகுந்துவிட்டால் எனக்கு லென்ஸ்கூட நேராகத் தெரியாது. மதிய இடைவேளையில் பத்திரிகை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அதை எழுதிய நிருபரைப் பிடித்தேன்.

"பாலத்துக் கட்டுரையா? நாலு வருஷம் ஆச்சே மேடம்," என்றார்.

"அந்த வெல்டர் விஷயம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நெட்ல பார்த்துத்தான் போட்டேன். கலைக்களஞ்சியத்துலயே இருந்துது. ஏன், தப்பா?"

நான் சொன்னதை அவர் எழுதினார். அவர் எழுதியதை நான் சான்று என்றேன். என் வாலை நானே சுற்றிச் சுற்றிக் கடித்திருக்கிறேன். சரி, முதன்முதலில் எனக்கு யார் சொன்னது? மாலையில் கணவரைப் பிடித்தேன்.

"நான்தான் சொன்னேன்," என்றார். "அப்பாதான அந்தத் தடத்த வெல்டு பண்ணினாரு? அப்ப அவரு யோசனையாத்தான இருக்கும்?"

"இருக்கும்னா? அவரு வாயால சொன்னாரா?"

"இதெல்லாம் போய் கேப்பாங்களா?"

கேட்க வேண்டிய ஆள் சாப்பாட்டு மேஜையில் பழைய டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு திருகாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"மாமா, பாலத்துல அந்தச் சைக்கிள் தடம் உங்க யோசனையா?"

அவர் கை நின்றது. "இப்ப எதுக்கும்மா?"

"சும்மா தெரிஞ்சுக்கணும்."

"இல்ல," என்றார். அவ்வளவு சாதாரணமாக வந்தது. "அது நெட்டையன் யோசனை. படி கட்டினதும் தினமும் சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு ஏறித்தான் இந்தப் பக்கம் வேலைக்கு வருவான். ஒருநாள் கடுப்பாகி, மிச்சம் கெடந்த இரும்ப ஓரமாப் போட்டு உருட்டிக் காட்டினான். இன்ஜினியரும் சரின்னுட்டாரு. நான் பத்த வெச்சேன், வேற ஒண்ணுமில்ல."

நெட்டையன் அவர் கூட்டாளி. முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். பாலத்தின் அந்தப் பக்கம், படி இறங்கியதும் இரண்டாவது வீடு. முன்பெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் இருவரும் சீட்டாடுவார்கள்.

"பேப்பர்ல வந்தப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீ ஆசையா எழுதியிருந்தே. தெருவே வந்து கை குடுத்துது. பேப்பர ஃபிரேம் போட்டுக் கூடத்துல மாட்டினீங்க. அப்பப் போய் நான் இல்லன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன்." ஒரு திருகை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "நெட்டையன் ஃபோன் பண்ணான். 'நல்லா இருடா'ன்னு ஒரே வார்த்தை. அதோட சரி."

நாலு வருடமாக இவர் ஏன் பாலம் ஏறாமல் ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார் என்று நான் வியந்ததுண்டு. மூட்டு வலி என்றார், நம்பினேன். முன்பின் தெரியாத ஆட்களிடம் 'நான் வளர்ந்திருக்கிறேனா' என்று கேட்டுப் பக்கம் திறந்தவள், கூடத்தில் இருக்கும் மனிதரிடம் நாலு வருடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அங்கேயே, அவர் கண் முன்னால் ஃபோனிலேயே வரியை நீக்கினேன். காரணம் எழுதும் கட்டத்தில், 'இதற்குச் சான்று நானே. எனக்குச் சான்று யாருமில்லை. தவறு என்னுடையது' என்று எழுதினேன். மாமா ஃபோனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப வா," என்று சட்டையை மாட்டிக்கொண்டார். "அவன்கிட்ட காட்டணும்."

பாலத்தில் அவர் என்னைவிட வேகமாக ஏறினார். நெட்டை மாமா வாசலில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. மாமா ஃபோனை நீட்டினார்.

"என்ன இது?"

"பாலத்தப் பத்தின பக்கம். என் பேரு இல்ல, பாத்துக்கோ."

நெட்டை மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். "என் பேரும் இல்லையே," என்றார்.

"இப்பப் போட முடியாது மாமா," என்றேன். "அச்சுல எங்கயாவது வந்திருக்கணும். நாம வாயால சொல்றத வெச்சு எழுதக் கூடாது. அதுதான் விதி."

"அன்னிக்கு வந்ததும் அச்சுலதான?"

ஐந்து வருடமாக எத்தனையோ பேரிடம் சான்று கேட்டு மல்லுக்கு நின்றவள் நான், ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"நீதான் எழுதினியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து கேட்டிருந்தா என்ன? பாலத்தத் தாண்டினா வீடு."

அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. பிறகு மாமாவைப் பார்த்து, "நீ ஏன்டா சொல்லல?" என்றார்.

"வெக்கமா இருந்துது," என்றார் மாமா.

நெட்டை மாமா சுத்தியலை அப்போதுதான் கீழே வைத்தார். "உள்ள வா. சீட்டுக்கட்டு இருக்கான்னு தேடணும்."

வீட்டுக்குத் திரும்பியதும் என் பக்கத்தைத் திறந்தேன். தூசுதட்டிக்கு நடந்ததைச் சொல்லி நன்றி எழுதினேன். அடுத்த மாதம் நிற்கப் போவதில்லை என்றும் எழுதினேன். பிறகு ஐந்தாவது கருத்தை நானே சேர்த்தேன்: 'எழுதறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து கேட்டிருந்தா என்ன?' கீழே 'பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்' என்று போட்டேன். தூசுதட்டி அதற்குச் சான்று கேட்கவில்லை.