மூன்றாவது பொத்தான்

மெத்தைக்காரரின் மனைவி ஒரு கொலைக் கதையைப் படிக்கத் தொடங்கினால், அதில் செத்தவர் அவர்கள் வீட்டு முன்னறையில் வந்து கிடப்பார். அவள் கடைசிப் பக்கத்தை முடித்ததும் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். நாற்றம் கிடையாது. ரத்தம் இருந்தாலும் தரையில் ஒட்டாது. கல்யாணமான வருடம் ஒரு வங்கி மேலாளர் வந்தார். அடுத்து விஷம் கொடுக்கப்பட்ட ஒரு பணக்கார அத்தை, பிறகு இரட்டையரில் ஒருவர். தபால்காரர் அவர்களைத் தாண்டிக் கால் வைக்கப் பழகிக்கொண்டார். சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, கதையில் செத்தவர்களுக்குத் தன்னிடம் விதி இல்லை என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்த நாட்களில் தெரு அதிகம் பேசியது பஞ்சு விலை ஏறியதைப் பற்றித்தான்.

மெத்தைக்காரருக்கும் இதில் குறை இருக்கவில்லை, வயலின்காரர் வரும்வரை. பெரிய வீடொன்றின் இசை அறையில் குத்தப்பட்டவர் அவர். எடுப்பான மூக்கு, நீண்ட விரல்கள். புத்தகமோ தலையணை போலத் தடிமன். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த பிறகுதான் அவளுக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்பதால், மழைக்காலம் முழுவதும் அவர் அங்கேயே கிடந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவாள்.

"இவர் சட்டையில மூணாவது பொத்தான் இல்லைங்க. யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க."

மெத்தைக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதில் இரண்டு பொத்தான்கள் இல்லாமல் எவ்வளவோ காலமாகிவிட்டது. மறுநாள் அவர் மீசையை எடுத்தார். அவள் சாப்பாடு போட்டாள், எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள், "தோட்டக்காரன் எதுக்குப் பொய் சொல்றான்?" என்று கதையில் வருகிறவனைப் பற்றிக் கேட்டாள். எதிர்ச்சாரி சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் கவனித்தவர். "என்ன அண்ணே, மீசையைக் காணோம்? உள்ள படுத்திருக்கிறவருக்கும் மீசை இல்லைல்ல?" என்றார். அன்று மெத்தை ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. உயிரோடிருக்கும் போட்டியாளன் என்றால் என்றாவது ஒருநாள் உளறுவான், தும்முவான், தொப்பை போடுவான். செத்தவனிடம் அந்த நம்பிக்கைக்கும் வழியில்லை. மெத்தைக்காரர் நல்ல மனிதர். தெருநாய்க்குக்கூடப் பழைய பஞ்சில் படுக்கை போட்டுக் கொடுத்தவர். ஆனால் பொறாமை நல்லவர் வீடு என்று பார்த்து ஒதுங்கிப் போவதில்லை.

அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். போலீஸ் அதிகாரி முன்னால் தோட்டக்காரன் கைகூப்பி அழுதுகொண்டிருந்தான். அது போதும் என்று மூடிவிட்டார். மாலையில் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தோட்டக்காரன்தான் கொன்னான். போதுமா? இனிமேலாவது என் பக்கம் திரும்பு" என்றார்.

அவள் கத்தவில்லை. "சாப்பிட்டுக்கிட்டிருக்கிற தட்டைப் பிடுங்கின மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். அதன்பின் அதைத் தொடவில்லை. முடிக்காத கதையின் வயலின்காரரும் எழுந்திருக்கவில்லை. மெத்தைக்காரர் அவரைத் தூக்கி வாசலுக்கு வெளியே படுக்க வைத்துப் பார்த்தார். பஞ்சு மூட்டையைவிட லேசாகத்தான் இருந்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் முன்னறையில் கிடந்தார். "நீங்களே படிச்சு எழுப்பிக்குங்க" என்றாள் அவள். அதன் பிறகு கணவரோடு பேசவுமில்லை.

விரட்டுவதற்காகத்தான் அவர் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். சில நாளில் கடையில் பஞ்சு அடிக்கப்படாமல் குவிந்தது. மெத்தை கேட்டு வந்தவர்களிடம், "இந்த அத்தியாயம் முடியட்டும், சார்" என்றார். அந்தப் புத்தகத்தில் ஒருவர் செத்ததற்காக ஊரே வீடுவீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரைப் பார்த்துச் சிரித்தார், எந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தினார் என்று கேட்டது. எந்தச் சாவும் கேட்பாரில்லாமல் போகக் கூடாது என்ற பிடிவாதத்துக்காகத்தான் இவள் இத்தனை வருடமாக இவற்றைப் படிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அத்தனை பேர் தன்னைப் பற்றி விசாரிக்கும்படி செத்தவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பொறாமையும் வந்தது. இருந்தாலும், வெறுந்தரையில் இவ்வளவு நாள் கிடந்தாரே என்று ஒரு புது மெத்தையை அவருக்குக் கீழே நகர்த்தினார். அவர் சட்டையில் பொத்தான் போன இடத்தில் ஒரு பொத்தானை மெத்தை நூலால் தைத்தார். மாலைப் பிரார்த்தனையில் அவருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

மருந்துக்கடையிலிருந்து வந்தவள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, தடயத்தை அழிச்சிட்டீங்களே!"

வெகுநாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவள் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். அவள் பாத்திரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக வைத்தாள். அப்போதும் அவர் நிமிரவில்லை. கடைசியில் அவள் அவர் எதிரே வந்து குந்தினாள்.

"உங்க சட்டையில ரெண்டு பொத்தான் இல்ல."

"ம்."

"மீசையும் இல்ல! எப்போ போச்சு?"

"அதையும் நீதான் கண்டுபிடிக்கணும்" என்றார் அவர், கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்ததால் கொஞ்சம் அவசரமாக.

அதை முடித்ததும்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. தோட்டக்காரன் அழுதது, பழி நீங்கி விடுதலையானதற்காக. ஒரு அப்பாவியின் பெயரை வாய்கூசாமல் சொல்லியிருந்தார். வயலின்காரர் எழுந்து, புதுப் பொத்தானைத் தடவிப் பார்த்து, மெத்தைக்காரருக்கு மட்டும் தலை வணங்கிவிட்டு வெளியேறினார்.

"தப்பாச் சொல்லிட்டேன். தோட்டக்காரன் இல்ல."

"பின்ன யாரு?"

"சொல்லமாட்டேன்."

யார் என்று இங்கே சொல்வதும் முறையல்ல. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்திருக்கக்கூடும். அவள் ஊசியையும் நூலையும் எடுத்து வந்தாள். முதலில் கணவர் சட்டையில் இரண்டு பொத்தான்களைத் தைத்தாள். பிறகு புத்தகத்தைப் பிடுங்கி, தான் விட்ட இடத்தில் விரித்தாள். அதற்குள் சைக்கிள் கடைவரை போயிருந்த வயலின்காரர் நின்றார், திரும்பினார், உள்ளே வந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, சௌகரியமாகப் படுத்துக்கொண்டார். மெத்தைக்காரர் அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.