இரண்டாவது ஓட்டு

காபியைக் கொட்டியது லூசியன்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை; கோப்பை அவன் கையில்தான் இருந்தது. தன் கட்சிக்கு விழுந்த ஓட்டுச் சீட்டுக் குவியல் எதிர்க் குவியலைவிட உயர்ந்து நிற்பதைக் கண்டு துள்ளி எழுந்தான், அவ்வளவுதான். நனைந்ததையெல்லாம் அடுப்போரம் காயவைத்து மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

வெர்மான்ட் மாநிலத்தின் அந்த மலையூர் அப்படியொரு குவியலைப் பார்த்ததே இல்லை. லிங்கன் காலந்தொட்டு நூறு வருஷமாக ஜனாதிபதி தேர்தலென்றால் அங்கே குடியரசுக் கட்சிதான். ஓட்டு எண்ணும் மேசைக்கு இரு கட்சியிலிருந்தும் ஆள் வேண்டும் என்பதால், ஊரின் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரனான லூசியனை எல்லோரும் பொத்திப் பொத்திக் காத்தார்கள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் எதிர்க்கட்சி வீடுகளிலிருந்துதான் சூப் வரும்.

அவன் முதன்முதலில் மேசையில் உட்கார்ந்த தேர்தலில் அவன் கட்சிக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அவனுடையது. அடுத்ததிலிருந்து எப்போதும் இரண்டு. அந்த இன்னொரு ஆள் யார் என்பதுதான் அவனை இத்தனை காலமும் அரித்தது. பாதிரியாரைச் சந்தேகித்தான், தபால்காரரைச் சந்தேகித்தான். மனைவியைக் கேட்டதற்கு, "உன்னக் கட்டிக்கிட்டது பத்தாதா, உன் கட்சியையும் கட்டிக்கணுமா?" என்றாள்.

குடியரசுக் கட்சி சார்பில் எதிரே உட்கார்ந்து எண்ணுகிறவர் வீலாக். உள்நாட்டுப் போரில் லிங்கனின் படைக்காகப் போராடி ஒரு காலை இழந்து வந்தவரின் பேரன். அவரைக் கேட்டால் பனி எப்போது விழும் என்று பேசுவார்.

மறு எண்ணிக்கையிலும் லூசியனின் குவியலே உயர்ந்தது. மாநிலமே அப்படித்தான் என்றது வானொலி. இந்த நாளுக்கென்று அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த வெற்றிப் பேச்சில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

வீலாக் கை நீட்டினார். "நிமிந்து உக்காரப்பா. காபிக் கறையோட இருந்தாலும் இது உன் நாள்."

லூசியன் நிமிர்ந்தான். சட்டைக் கறையைக்கூட மறைக்கத் தோன்றவில்லை. நீட்டிய கையைப் பற்றி, விடாமல் கேட்டான்: "இன்னிக்காவது சொல்லுங்க. அந்த இன்னொரு ஓட்டு யாருது?"

"என்னுது. ஒத்த ஓட்ட எண்ணிட்டு நீ உக்காந்திருந்த மூஞ்சியப் பாக்க சகிக்கல. ஒரு ஓட்டுல எங்க கட்சி என்ன கவுந்தா போயிடும்?"

"அப்போ இன்னிக்கும்...?"

"இன்னிக்கு எங்காளுக்குத்தான் போட்டேன். உனக்குத்தான் ஊரே தொணைக்கு வந்திருச்சே."