மாதிரி வீட்டுக்காரர்

என் வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் கேட்டுக்கொண்டு சாகவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில், பிளாக்ஸ்டோன் சாலைக்குப் பின்னால் இருந்த அவருடைய சின்ன வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தேன். அடக்கம் முடிந்து எல்லோரும் எங்கள் ஆர்மீனிய சர்ச் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறிய பிலாஃப் சோறு ஆறுவதற்குள் அவருடைய பிள்ளைகள் அந்த வீட்டை விற்றுவிட்டார்கள்.

செய்தி எப்படியோ க்ளெண்டேல் வரை போய், என் மகள் அராக்ஸி போன் செய்தாள்.

"அப்பா, நீங்க இங்க வந்துடுங்க. கராஜை உங்களுக்காக ரூமாக்கிட்டோம்."

"அப்ப காரு எங்க நிக்குது?"

"வெளியிலதான்."

"எனக்காக அதை வெயில்ல நிறுத்தாதம்மா. பாவம்."

"விளையாடாதீங்க. மாசக் கடைசி சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள நீங்களா ஒரு நல்ல வீடு பிடிச்சு, ஒழுங்கா குடியிருந்து காட்டுங்க. இல்லேன்னா பெட்டியோட உங்களையும் தூக்கி கார்ல போட்டுட்டு வந்துடுவேன்."

அராக்ஸி சொன்னால் செய்வாள். அவள் அம்மா மாதிரி. க்ளெண்டேலில் என் மருமகன் பல் டாக்டர். அந்த வீட்டில் உப்புக்கண்டம் கிடையாது, உப்பே கிடையாது. சாப்பிட்டு முடித்தால் ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கிர்க்கோரை என்ன செய்வது? கிர்க்கோர் தினமும் என்னோடு தவ்லி ஆடுகிறவன். பகடையை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். ஐம்பது வருஷமாக என்னிடம் தோற்று வருகிறான். நான் போய்விட்டால் அவன் வேறு யாரிடமாவது தோற்றுப் பழக வேண்டும். இந்த வயதில் அது நடக்கிற காரியமா?

ஆகவே வீடு தேடினேன். ஷா சாலையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் ஷானா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் பெரிய கம்ப்யூட்டர். அதில் போடுவதற்கு என் பழைய வீட்டுக்காரரின் முகவரி கேட்டாள். கல்லறைத் தோட்டத்தின் முகவரியைக் கொடுத்தேன்.

"அவரைத் தொடர்புகொள்ளலாமா?"

"முயற்சி பண்ணும்மா. எனக்கும் ரெண்டு வார்த்தை சொல்லணும்."

பிறகு வீட்டைக் காட்டினாள். தரைத்தளத்தில், அவளுடைய அலுவலகத்துக்கு அடுத்த கதவு. வெளியே நூற்றுப்பத்து டிகிரி வெயில், உள்ளே மலைக்காற்று மாதிரி குளிர். சோபா, விளக்கு, கட்டில், சுவர் அகலத்துக்கு டிவி, மேஜை மேல் ஒரு கூடை சிவப்பு ஆப்பிள். அப்போதுதான் பிஸ்கட் சுட்ட மாதிரி ஒரு வாசனை வேறு.

"இதுதான் வேணும்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள் ஷானா. அங்கேயே சோபாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். ஒரு உறையில் சாவி கொடுத்தாள். அதில் 214 என்று எழுதியிருந்தது. கட்டடத்தில் எத்தனை சாவி இருக்கிறது என்று எண்ணி வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒரு வீட்டை யாருக்கும் விடாமல், வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஜோடித்து வைத்திருப்பார்களாம். காட்டுவது அதை, கொடுப்பது வேறொன்றை. மாதிரி வீடு என்று அதற்குப் பெயர். நான் கடைசியாக வீடு தேடிய காலத்தில் காட்டிய வீட்டைத்தான் கொடுத்தார்கள். ஆகவே மறுநாள் பெட்டியும் தவ்லிப் பலகையுமாக வந்து, காட்டிய வீட்டிலேயே இறங்கினேன். சாவி பூட்டில் நுழையவில்லை. ஆனால் கதவு பூட்டியிருக்கவே இல்லை. பிறகு எதற்குச் சாவி? அதை ஆப்பிள் கூடையில் போட்டுவிட்டேன்.

ஷானா அன்றோடு வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் இடத்துக்கு வந்தவள் மரிசேலா. ஷானா போகும்போது அவளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாளாம்: "மாதிரி வீட்ல இருக்கிற எதையும் நகத்தாத. எல்லாம் தலைமை ஆபீஸ் பாத்துப் பாத்து வெச்சது."

மறுநாள் காலையில் மரிசேலா தூசி தட்ட வந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். விளக்கைத் துடைத்தாள். டிவியைத் துடைத்தாள். என் முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் தோளிலும் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

"நீங்க எப்பலேர்ந்து சார் இங்க இருக்கீங்க?"

"ஷானா இருக்கும்போதே வந்துட்டேன்மா."

"அப்ப சரி" என்றாள்.

வாடகையோடு தூசியும் தட்டிவிடுகிறார்கள், நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

குறைகள் இல்லாமலில்லை. பிஸ்கட் வாசனை வந்துகொண்டே இருந்தது, பிஸ்கட் வரவில்லை. அடுப்பைத் திறந்து பார்த்தேன், அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். சுவரில் செருகியிருந்த ஒரு சின்ன டப்பாவிலிருந்துதான் வருகிறது என்று கிர்க்கோர் கண்டுபிடித்தான். கட்டிலில் படுத்தேன். மெத்தைக்கு அடியில் இருந்தது அட்டைப்பெட்டி. நேராக உள்ளே போய்விட்டேன். ஆனால் உள்ளே அகலமாக இருந்தது, முதுகுக்கும் இதமாக இருந்தது. அதற்குப் பிறகு அப்படியே தூங்கினேன்.

டிவி மட்டும்தான் எங்களைக் குழப்பியது. கிர்க்கோர் அதன் முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தான்.

"என்னடா சேத்ராக், படமே வரல?"

"நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சிருக்கும்."

"ஒரே கறுப்பா இருக்கு."

"இந்தக் காலத்து நிகழ்ச்சிங்க அப்படித்தான். கொஞ்சம் பொறு, நல்லா வரும்."

ஆனால் விருந்தாளிகள்தான் பெரிய புதிர். வந்த இரண்டாம் நாளே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்கள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான். அவள் துணி அலமாரியைத் திறந்து என் சட்டைகளை எண்ணினாள். பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீரை இழுத்துவிட்டு, அது நிற்கிறவரை காது கொடுத்துக் கேட்டாள். புதுக் குடித்தனம் பார்க்க வந்தவர்கள் என்று புரிந்துகொண்டேன். ஆர்மீனியர்களான எங்களில் புது வீட்டுக்கு வருகிறவர்கள் ரொட்டியும் உப்பும் கொண்டுவருவார்கள். இவர்கள் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். விலைவாசி அப்படி இருக்கிறது, பாவம்.

வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? என்னுடைய செம்புப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, பொங்கப் பொங்கக் காப்பி போட்டுச் சின்னக் கோப்பையில் கொடுத்தேன். காப்பி குடித்ததும் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, அடியில் வழிந்த மண்டியைப் பார்த்துப் பலன் சொல்வது எங்கள் பெண்களின் வழக்கம். என் மனைவிக்கு அது நன்றாக வரும். எனக்குச் சுத்தமாக வராது. அதனால் எனக்குத் தயக்கமும் கிடையாது.

"ஒரு கதவு தெரியுதும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "திறந்து கிடக்கு. பின்னால ஒரு தொட்டில்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு அழுதாள். இருவரும் மரிசேலாவின் அறைக்கு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார்கள். ஒருவர் கோப்பையில் கதவு, இன்னொருவர் கோப்பையில் ஜன்னல், நாயோடு வந்தவருக்கு நாய். எல்லோரும் நேராக மரிசேலாவிடம் போனார்கள். அங்கே எதற்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காப்பி எங்கே வாங்கினேன் என்று கேட்கப் போகிறார்கள் என்று கிர்க்கோர் சொன்னான். மரிசேலா மட்டும் நாளுக்கு நாள் என் தோளை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள்.

மாசக் கடைசி சனிக்கிழமை அராக்ஸி வந்தாள்.

வாசலில் நின்று பார்த்தபோது அவள் முகம் மலர்ந்தது. "அப்பா! எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். க்ளெண்டேல் பல மைல் தள்ளிப் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தாள்.

வாயிலிருந்து மெழுகைத் துப்பினாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். அது குளிரவில்லை, உள்ளே விளக்கும் எரியவில்லை, கிர்க்கோர் கொண்டுவந்த, கறி பரப்பிச் சுட்ட லாமஜூன் ரொட்டி ரெண்டு மட்டும் உலர்ந்து கிடந்தது. புத்தக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். பன்னிரண்டு புத்தகம் ஒரே துண்டாக வந்தது. டிவியை விரலால் தட்டினாள். அட்டைச் சத்தம் கேட்டது.

"அங்கிள், என்ன பாத்துட்டு இருக்கீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலம்மா" என்றான் கிர்க்கோர்.

அராக்ஸி படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். அது என் உருவத்தில் இருந்தது. திரும்பி வந்து என் முன்னால் முழங்காலிட்டு என் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, இது என்ன?"

"டிவிம்மா."

"இது?"

"ஆப்பிள்."

"அப்பா, நான் யாரு?"

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்றேன். உண்மையாகவே பயந்துபோனேன்.

அவள் எழுந்து என் பெட்டியை எடுத்தாள். சட்டைகளை மடித்து வைத்தாள். செம்புப் பாத்திரத்தை வைத்தாள். தவ்லிப் பலகையை வைக்கும்போது கிர்க்கோர் எழுந்து நின்றான். ஐம்பது வருஷத்தில் அவன் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை, தோற்றபோதுகூட.

"அராக்ஸி, அவனை எடுத்துட்டுப் போயிடாதம்மா" என்றான். "எனக்கு ஆடுறதுக்கு வேற யாரு இருக்கா?"

"அங்கிள், ரெண்டு பேரும் அட்டையைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க!"

அவள் சொன்னபோதுதான் நானும் அந்த டிவியை ஒழுங்காகப் பார்த்தேன். அட்டைதான். எண்பது வயதில் அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, அட்டைக்குள் தூங்கியிருக்கிறேன். ஒருவேளை அவள் சொல்வதுதான் சரியோ என்று, முதல் தடவையாக, எனக்கே தோன்றியது. செருப்பைத் தேடினேன்.

அப்போது மரிசேலா ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மாக்காரி நேராகப் போய் அலமாரியைத் திறந்தாள்.

"யாரு நீங்க?" என்று அராக்ஸி கத்தினாள். "எங்கப்பா வீட்ல என்ன தேடுறீங்க?"

"மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றாள் மரிசேலா. "இது வாடகைக்கு விடுற வீடு இல்ல. மாதிரி வீடு. காட்டுறதுக்கு மட்டும். எல்லாம் அட்டையும் மெழுகும்தான்." பிறகு என் பெட்டியைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, சாரை எங்க கூட்டிட்டுப் போறீங்க? அவரு இல்லேன்னா நான் தொலைஞ்சேன்! தலைமை ஆபீஸ் அனுப்பின ஆளுங்க அவரு. அவரு வந்ததுலேர்ந்து அத்தனை வீடும் போயிட்டே இருக்கு!"

அராக்ஸி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா," என்றாள், "நீங்க வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா?"

நான் கிர்க்கோரைப் பார்த்தேன். கிர்க்கோர் டிவியைப் பார்த்தான். அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அந்த விஷயம் புதிது.

"சொல்லிக்கிற அளவுக்குப் பெரிய வேலை இல்லம்மா" என்றேன்.

"எண்பது வயசுல!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் என்னென்னவோ நினைச்சு... அப்ப உங்க வீடு எங்கப்பா?"

நான் சோபாவைப் பார்த்தேன். நல்லவேளையாக மரிசேலா ஆப்பிள் கூடையைச் சரிசெய்யப் போனவள், சாவியை எடுத்துப் பார்த்தாள். "இருநூத்திப் பதினாலு. மாடியில. உங்களுதா சார் இது? அதான் யாரு வாடகை கட்டுறாங்கன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்."

மாடிக்குப் போனோம். சாவி பூட்டில் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. உள்ளே கூடம், சமையலறை, எரிகிற விளக்கோடு ஒரு குளிர்பெட்டி, நாலு சுவர். வேறு ஒன்றுமில்லை. அராக்ஸி சுவரைத் தட்டிப் பார்த்தாள். கழிவறைத் தண்ணீரை இழுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். "இது நிஜம்" என்றாள். என் பெட்டியை அங்கே வைத்துவிட்டு, கராஜுக்குள் காரை விடலாம் என்று அவள் புருஷனுக்குப் போன் செய்தாள்.

அவள் கார் திரும்பியதும் கிர்க்கோர் பலகையை எடுத்தான். உட்கார்ந்து ஆட நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தால் எங்கள் வயதில் யாராவது வந்து எழுப்ப வேண்டும்.

எனக்கு எந்தப் பிரிவிலிருந்து சம்பளம் வருகிறது என்று மரிசேலா தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். என்னை யார் அனுப்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வேலையாட்கள் போடும் நீலச் சட்டை ஒன்றை அனுப்பி, பாதி வாடகையையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கும் அவர்களுடைய கட்டடத்துக்கும் ஒரு கிழவர் வேண்டுமாம். கிர்க்கோரைக் கேட்டார்கள். அவன் ஒரு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டிவி இதைவிட மோசம் என்று திரும்பி வந்துவிட்டான்.

இப்போது காலையில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வீட்டில் இருக்கப் போகிறேன். சோபாவில் சாய்கிறேன், காப்பி போடுகிறேன், கிர்க்கோரைத் தோற்கடிக்கிறேன். ஆறு மணிக்கு மரிசேலா வந்து, "நேரமாச்சு தாத்தா, வீட்டுக்குக் கிளம்புங்க" என்று விளக்கை அணைக்கிறாள். நான் மாடி ஏறி என் வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் நிற்கிறேன்.

ஒரு நாற்காலியாவது வாங்கிப் போடச் சொல்லி அராக்ஸி வாராவாரம் போனில் திட்டுகிறாள். வாங்கலாம். ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் வந்து உட்கார என்ன இருக்கிறது?